எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளும் பயிற்சி ஆசிரியரின் மின்பாடங்களும்

(உரை வடிவம்)

கேரள மாநிலத்தின் கிழக்கு எல்லையில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள் தமிழ்வழியிலேயே பயிலும் பள்ளிகள் இரு பகுதிகளில் செறிந்துள்ளன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம். கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி, முதலமடை முதலிய ஊர்கள் இதில் அடங்கும். மற்றொன்று இடுக்கி மாவட்டத்தின் மலைநாடு. மூணாறு, மறையூர், காந்தளூர், வட்டவடை ஆகியவற்றை உள்ளடக்கிய தேவிகுளம் வட்டமும், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களும் இதன்பாற்படும். முன்னதில் உழவுத்தொழில் செய்வோர் மிகுதி. பின்னதில் தேயிலை, ஏலத் தோட்டத் தொழிலாளர் மிகுதி. ஒரு பகுதியின் தமிழ் கோவை வட்டாரத்தைச் சார்ந்தது. மற்றொன்றின் தமிழ் மதுரை, தேனி, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து மலையேறி வந்தது. இரண்டிலும் மலையாளம் கலந்து நிற்கிறது.

தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்துடன் இருத்தல் வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டில் மாநிலச் சீரமைப்புக் குழு பரிந்துரைத்தமை பலரும் அறிந்ததே. அடுத்த ஆண்டிலேயே அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தின் வழியாக 350அ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதிகள் செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் சாரம். இவ்வசதி என்பது முன்னாளில் பள்ளிக் கட்டடம், ஆசிரியர், பாடநூல் ஆகிய மூன்றையே குறித்தது. இன்று நான்காவதாக ஒன்று சேர்ந்துள்ளது. அதுவே டிஜிட்டல் பாடப்பொருள், அதாவது மின்பாடம்.

இருபுறமும் நிறைவு, இடையில் வெற்றிடம்

கேரளம் இத்துறையில் முன்னோடி மாநிலம். அங்கு பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத் திட்டம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றியது. 2005-இல் விக்டர்ஸ் கல்வி அலைவரிசை தொடங்கப்பெற்றது. 2017-இல் அத்திட்டம் ‘கைட்’ என்னும் நிறுவனமாக உருப்பெற்றது. 2018-இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ், 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குரிய ஏறத்தாழ 45,000 அறைகள் மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் பெற்றன. பாடப்பொருள்களைச் சேமித்து வழங்க ‘சமக்ரா’ என்னும் தளமும் உண்டு. தமிழ்நாட்டிலும் பொருள்களுக்குக் குறைவில்லை. 2018 முதல் புதிய பாடநூல்களில் விரைவுக் குறிகள் அச்சாயின; 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது.

ஆயினும் வட்டவடையிலோ எருத்தேம்பதியிலோ நான்காம் வகுப்பில் தமிழ்வழி பயிலும் குழந்தைக்கு இவ்விரண்டு களஞ்சியங்களும் நேரே பயன்படுவதில்லை. கேரளக் களஞ்சியத்தின் பெரும்பகுதி மலையாளத்தில் பேசுகிறது. தமிழ்நாட்டுக் களஞ்சியம் தமிழில் பேசினாலும் வேறொரு பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது. குழந்தையின் கையில் இருப்பதோ கேரள மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி மன்றம் தமிழில் வெளியிட்ட நூல். 2020-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று, பெருந்தொற்றுக் காலத்தில், ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் தொலைக்காட்சி வகுப்புகள் தொடங்கியபோது இந்த வெற்றிடம் எல்லோர் கண்ணுக்கும் புலனாயிற்று. தமிழ்வழி, கன்னடவழி மாணவர்களுக்கென வகுப்புகள் தனியே உருவாக்கப்பட்டு இணையவழி வழங்கப்பட வேண்டியிருந்தது.

இவ்விடத்தில்தான் பயிற்சி மாணவர் முன்வருகிறார். இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் கணினித் தொழில்நுட்பமும் பள்ளிகளில் நேரடிப் பயிற்சியும் அங்கங்களாக உள்ளன. தமிழ்வழியில் பயிலும் பயிற்சி மாணவர் பெரும்பாலும் அதே எல்லைப் பகுதியில் பிறந்தவர். தாமும் அத்தகைய பள்ளியில் படித்தவர். ஒரு பாடத்தை மின்வடிவில் ஆக்கும் பணி, ஏனையோருக்குத் தேர்வுக்கான ஓர் ஒப்படைவு. இவருக்கோ, சந்தையில் கிடைக்காத ஒரு பொருளை உற்பத்தி செய்யும் வேலை. ஆகவே, அப்பொருளின் தரத்தை மதிப்பிடும் முறை ஒரு நிறுவனத்தின் உள்விவகாரமாக நின்றுவிடுவதில்லை. மதிப்பீடு பிழைத்தால், பிழையான பாடம் வகுப்பறைக்குள் நுழையும். அல்லது நல்ல பாடம் ஒன்று மதிப்பெண் பெற்றவுடன் மடிக்கணினியிலேயே மறைந்துபோகும். இரண்டாவது இழப்பே மிகுதியாக நிகழக்கூடியது.

கூட்டல் கணக்கின் குறை

மின்பாடத்தை மதிப்பிட உலகெங்கும் பல அளவுகோல்கள் உள்ளன. 2000-க்குப் பிந்தைய முதற்சில ஆண்டுகளில் கனடாவில் நெஸ்பிட், பெல்ஃபர், லீக்காக் ஆகியோர் வகுத்த ‘லோரி’ என்னும் கருவி அவற்றுள் பெயர்பெற்றது. உள்ளடக்கத்தின் தரம், கற்றல் நோக்கத்துடன் பொருத்தம், கற்பவருக்குத் திரும்பக் கிடைக்கும் பின்னூட்டம், ஊக்கம், காட்சி அமைப்பு, கையாளும் எளிமை, மாற்றுத்திறனாளிகளும் அணுகும் வாய்ப்பு, மறுபயன்பாடு, தொழில்நுட்பத் தரநிலைக்கு இணக்கம் என ஒன்பது கூறுகளை அது ஐந்து புள்ளி அளவில் மதிப்பிடச் சொல்கிறது. பயிற்சி நிறுவனங்களில் வழங்கும் மதிப்பெண் தாள்களும் ஏறக்குறைய இத்தகைய கூறுகளையே கொண்டிருக்கும்.

கூறுகளில் குறையில்லை. குறை இருப்பது கூட்டலில். பின்னம் பற்றி மூன்றாம் வகுப்புக்கு ஒருவர் ஐந்து நிமிடக் காணொளி ஆக்கியுள்ளார் என்று கொள்வோம். குரல் தெளிவு, வண்ணம் இனிது, அசைவூட்டம் நேர்த்தி. ஒரு தோசையை நான்காக அறுத்து, ஒரு துண்டைக் ‘கால்’ என்று காட்டுகிறார். ஆனால் திரையில் அறுபட்ட நான்கு துண்டுகளும் சம அளவின அல்ல. சமமாகப் பகுத்தலே பின்னத்தின் உயிர். அஃது இல்லாத அக்காணொளி, குழந்தையின் மனத்தில் பின்னாளில் எளிதில் களைய முடியாத ஒரு பிழையை ஊன்றுகிறது. ஒன்பது கூறுகளையும் கூட்டிப் பார்த்தால், உள்ளடக்கத்தில் இரண்டு புள்ளியும் பிற எட்டில் ஐந்தைந்தும் பெற்று, 45-க்கு 42 என்னும் உயர்ந்த எண்ணிக்கையுடன் அது முதலிடத்தில் நிற்கும்.

எனவே, சில கூறுகளைக் கூட்டலில் சேர்த்தல் கூடாது. அவை வாயிற்காப்போனாக நிற்றல் வேண்டும். பொருட்பிழை, பாடநூலின் கற்றல் விளைவோடு பொருந்தாமை, ஓர் இனத்தையோ தொழிலையோ இழித்துக்காட்டல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் பாடம் திருத்தத்துக்குத் திருப்பப்பட வேண்டும். அவ்வாயிலைக் கடந்த பின்னரே வண்ணத்துக்கும் வடிவத்துக்கும் புள்ளி. இதில் ஒரு நயமும் உண்டு. திருப்பி அனுப்புதல் தோல்வி ஆகாது. பயிற்சிக் காலத்தில் மதிப்பீடு என்பது திருத்துவதற்கான துணையாக இருத்தல் வேண்டும் என்பதையே, 1967-இல் மைக்கேல் ஸ்கிரிவன் வளர்நிலை மதிப்பீடு, முடிவுநிலை மதிப்பீடு எனப் பிரித்துக் காட்டினார்.

மறையூரில் எந்தப் பருவமழை?

பொருட்பிழை என்பது எப்போதும் தோசைத் துண்டைப்போல் வெளிப்படையாக இருப்பதில்லை. எல்லைப் பகுதியில் அதற்கு வேறொரு முகம் உண்டு. மழை பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் உருவான காணொளி, ஆண்டின் பெருமழையைத் தருவது வடகிழக்குப் பருவமழை என்று கூறும். அது தமிழ்நாட்டுக்குப் பொருந்தும். கேரளத்துக்காக உருவான பாடம், ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையை, மலையாள வழக்கில் இடவப்பாதி எனப்படுவதை, முதன்மையாகச் சொல்லும். அதுவும் கேரளத்துக்குப் பொருந்தும். ஆனால், மறையூர்ப் பள்ளியின் குழந்தை எங்கே வாழ்கிறது? மழை மறைவுப் பகுதியில். மூணாற்றில் ஜூலையில் வானம் கொட்டித் தீர்க்கையில், சற்றேறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மறையூரில் காற்றே மிகுதி; அதற்கும் கீழே சின்னாற்றில் முட்புதர்க் காடு காய்ந்து நிற்கும். அங்கு மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் செய்தி. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியும், மேற்கேயுள்ள ஊர்களை நோக்க, மழை குன்றிய நிலமே.

இம்மூன்றையும் அறிந்து, “நம் மாநிலத்தில் இப்படி, நம் ஊரில் அப்படி, ஏன்?” என்று மலையின் படத்தை வைத்து வினவும் மின்பாடம் ஒன்றைப் பயிற்சி மாணவர் ஆக்கினால், அதற்கு இணையான பொருள் திருவனந்தபுரத்திலிருந்தும் வாராது, சென்னையிலிருந்தும் வாராது. பொதுவான அளவுகோலில் இதற்கெனக் கட்டம் ஏதும் இல்லை. 1986-இல் லீ ஷுல்மன் பாட அறிவையும் கற்பிக்கும் அறிவையும் இணைத்துக் காட்டினார். 2006-இல் மிஷ்ராவும் கோலரும் தொழில்நுட்ப அறிவை அவற்றோடு சேர்த்தனர். எல்லைப் பள்ளிகளைப் பொறுத்தவரை நில அறிவு என்பதையும் மதிப்பெண் தாளில் ஒரு தனிக் கட்டமாக வரைதல் தகும்.

மொழியிலும் இதே நிலைதான். மரவள்ளிக்கிழங்கு சித்தூர்ப் பக்கத்துக் குழந்தைக்குக் குச்சிக்கிழங்கு. மூணாற்றுக் குழந்தைக்குக் கப்பக்கிழங்கு. பாடநூல் எச்சொல்லை ஆள்கிறதோ அதையே திரையில் எழுதி, வீட்டுச் சொல்லைக் குரலில் ஒருமுறை சொல்லிக் கடப்பது நல்ல ஆசிரியர் வகுப்பில் செய்வது. மின்பாடமும் அவ்வாறே செய்யலாம். வட்டார வழக்கு ஒலித்தவுடன் ‘மொழிப்பிழை’ என்று புள்ளியைக் குறைப்பது மதிப்பீட்டாளரின் அவசரம். மறுபுறம், கலைச்சொல்லை மலையாளத்திலிருந்து எழுத்துக்கெழுத்து பெயர்த்து வைத்தல், அல்லது மற்றொரு மாநில நூலின் சொல்லைக் கவனமின்றி எடுத்தாளல், இவை உண்மையான பிழைகள். முதுவர், இருளர் முதலிய பழங்குடிக் குழந்தைகள் வீட்டில் பேசும் மொழி பாடநூல் தமிழிலிருந்து விலகியது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இதனோடு தொடர்புடைய ஒரு நுட்பம். படமும் குரலும் சேர்ந்து வருகையில், பேசிய சொற்களையே திரையில் எழுத்தாகவும் ஓடவிடுவது கற்பவரின் கவனத்தைச் சிதறச் செய்யும் என்பது ரிச்சர்டு மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் கண்ட முடிவு. பயிற்சி நிறுவனங்களில் இது விதியாகவே சொல்லப்படுவதுண்டு. ஆயினும், பள்ளி மொழி வீட்டு மொழியினின்று வேறுபட்டவர்க்கு அதே எழுத்து ஊன்றுகோலாவதும் உண்டு. ஆகவே, இங்கு விதியைக் கொண்டு புள்ளியைக் குறைப்பதைவிட, குழந்தைகளிடம் காட்டிப் பார்ப்பதே தெளிவு தரும்.

குழந்தைகள் முன்னிலையில்

காட்டிப் பார்த்தல் என்பது புதிய கருத்து அன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையுடன், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பிய ‘சைட்’ சோதனையை மூத்த அலுவலர் பலர் நினைவுகூர்வர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அச்சோதனையில் பொறியியலுக்கு அளித்த கவனத்தைச் சமூக ஆய்வுக்கும் அளித்தது. மானிடவியலாளர் சிலர் ஊர்களிலேயே தங்கி, தொலைக்காட்சிப் பெட்டியின் முன் மக்கள் என்ன செய்கின்றனர் என்று கண்டு எழுதினர். தயாரித்தவரின் நோக்கமும் பார்த்தவரின் புரிதலும் ஒன்றாகவே இருக்கும் என்று முன்கூட்டியே கொள்ளலாகாது என்பது அச்சோதனை விட்டுச்சென்ற படிப்பினை.

அவ்வளவு பெரிய ஏற்பாடு இங்குத் தேவையில்லை. நேரடிப் பயிற்சிக்குச் செல்லும் பள்ளியில் ஐந்து அல்லது ஆறு குழந்தைகள் போதும். பாடத்துக்கு முன் மூன்று வினா. பின் அதே கருத்தின்மீது வேறு மூன்று வினா. இடையே பயிற்சி மாணவர் வாய்திறவாமல் பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும். எந்த நொடியில் குழந்தை திரையை விட்டுத் திரும்பிற்று, எச்சொல்லைக் கேட்டு அடுத்திருப்பவனைப் பார்த்தது, எங்கு ‘இன்னொரு முறை’ என்றது என்பவற்றை ஒரு தாளில் குறித்தால், அத்தாளே மதிப்பீட்டின் மிகச் சிறந்த ஆவணமாகும். வாய்திறவாமல் இருத்தல் எளிதன்று. தம் படைப்பை விளக்கத் துடிப்பது மனித இயல்பு. பாடம் தானே பேசுகிறதா, ஆசிரியரின் விளக்கத்தால் நடக்கிறதா என்பதை இச்சோதனை பிரித்துக் காட்டிவிடும். ஐந்து குழந்தைகளைக் கொண்டு புள்ளியியல் முடிவு எதனையும் நாட்ட இயலாது என்பதும் உண்மையே. பாடத்தைத் திருத்துவதற்கு அத்தகைய முடிவு தேவைப்படுவதில்லை.

மதிப்பிடுவோர் யார் என்பது அடுத்த சிக்கல். தொழில்நுட்பம் நன்கறிந்த ஒருவர் தமிழ் படிக்க அறியாதவராக இருக்கலாம். தமிழாசிரியர் கோப்பின் வடிவத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தயங்கலாம். இருவரும் தத்தம் எல்லைக்கு அப்பாலும் புள்ளியிட நேர்ந்தால், அங்கு ஊகமே மதிப்பெண்ணாகும். லோரி கருவியை வகுத்தோர் சொன்ன நடைமுறை இதற்கு உதவும். முதலில் ஒவ்வொருவரும் தனித்தனியே புள்ளியிடுவர். தமக்குப் புலப்படாத கூற்றை விட்டுவிடலாம். பின்னர் கூடி, எக்கூற்றில் வேறுபாடு மிகுதியோ அதிலிருந்து உரையாடலைத் தொடங்குவர். அவ்வட்டத்தின் தமிழ்வழிப் பள்ளியில் அதே வகுப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை இக்குழுவில் சேர்ப்பது பயனுடையது. அந்தப் பாடத்தில் குழந்தைகள் ஆண்டுதோறும் எங்கே இடறுகின்றனர் என்பதை அவரே அறிவார்.

கோப்பின் எடை, படத்தின் உரிமை

தொழில்நுட்பக் கூறுகளுள் இரண்டு மட்டும் இங்குக் கருதத்தக்கவை. முதலாவது எடை. ஐந்து நிமிடக் காணொளியை நொடிக்கு 8 மெகாபிட் அளவில் சேமித்தால் கோப்பு 300 மெகாபைட் ஆகும். 1 மெகாபிட் அளவில் சேமித்தால் 38 மெகாபைட்டுக்குள் அடங்கும். கைப்பேசி அலை மலைமுகட்டில் ஏறினால்தான் கிடைக்கும் தோட்டக் குடியிருப்புகளுக்கு இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. படத்தின் கூர்மைக்குப் புள்ளி தரும் தாள், கோப்பின் எடைக்கும் புள்ளி தராவிடில், பயிற்சி மாணவரைத் தவறான திசையில் செலுத்துகிறது. எழுத்துருவும் இதனுடன் சேர்ந்ததே. ஒருங்குறியில் அமையாத பழைய எழுத்துருவில் அமைந்த பாடம் மற்றொரு கணினியில் புரியாத குறிகளாக விரியும்.

இரண்டாவது உரிமை. இணையத்தில் கண்ட படத்தை எடுத்தொட்டுதல், திரைப்பாடலின் மெட்டைப் பின்னணியில் ஓடவிடுதல் ஆகியன பயிற்சி மாணவர்க்கு இயல்பாக வருவன. (வகுப்பில் குழந்தைகள் அம்மெட்டை மட்டும் பாடிக்கொண்டு வெளியேறுவதும் உண்டு.) பிறர் உரிமையுள்ள பொருள் ஒன்று கலந்திருப்பின், எவ்வளவு சிறந்த பாடமாயினும் பொதுத் தளத்தில் ஏற்ற முடியாது. கேரளப் பள்ளிகள் நெடுங்காலமாகக் கட்டற்ற மென்பொருள்களையே கையாள்கின்றன. அம்மரபைப் பாடப்பொருளுக்கும் நீட்டி, கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற திறந்த உரிமத்தைக் குறிப்பிடச் செய்வது கடினமன்று. மறையூரின் பழங்கற்றிட்டைகளையோ, கரும்புச்சாறு காய்ச்சி வெல்லம் உருட்டும் ஆலையையோ தாமே படமெடுத்தால் உரிமைச் சிக்கலும் இல்லை, பாடமும் ஊரோடு ஒட்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நிமிடங்களில் படமும் குரலும் உரையும் தந்துவிடுகின்றன. அவற்றைத் தடுப்பதால் பயனில்லை. ஆனால் மதிப்பீட்டின் சுமை அதனால் இடம்பெயர்கிறது. நேர்த்தி என்பது இனி உழைப்பின் அடையாளம் ஆகாது. இயந்திரக் குரல் ழகரத்தையும் ளகரத்தையும் குழப்பியதா, இயந்திரம் வரைந்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்போர் வேறொரு நாட்டவரைப்போல் உள்ளனரா என்று பார்ப்பதோடு, ஏன் இவ்வெடுத்துக்காட்டு, ஏன் இவ்வரிசை என்று பயிற்சி மாணவரை நேரில் வினவுதலும் வேண்டும். குழந்தைகள் முன்னிலையில் எழுதிய குறிப்புத்தாள் அவ்வினாவுக்கு அடித்தளமாகும்.

மதிப்பெண்ணுக்குப் பின்

வாயிலைக் கடந்து, குழந்தைகளிடம் காட்டப்பட்டு, திருத்தப்பட்ட பாடம் எங்கே செல்லும்? இதற்கு விடை இல்லாதபோது மேற்கூறிய யாவும் ஏட்டளவில் நின்றுவிடும். சேமிப்பதற்குத் தளம் உண்டு. ஆனால் பயிற்சி நிறுவனத்தின் மதிப்பெண் பதிவேட்டுக்கும் தளத்துக்கும் இடையே ஒரு பாதை வேண்டும். பாலக்காடு மாவட்டத்துக்கு ஆனக்கரையிலும், இடுக்கி மாவட்டத்துக்குத் தொடுபுழையிலும் மாவட்டக் கல்வி பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. ஆண்டுதோறும் தெரிந்தெடுத்த சில பாடங்களை, ஆக்கியவர் பெயருடனும் திறந்த உரிமத்துடனும் குறிப்புத்தாளுடனும், இரு மாவட்டங்களும் பொதுவில் வைத்தல் இயலும். சித்தூரில் ஆன பாடத்தை மூணாற்றிலும், மூணாற்றில் ஆனதைச் சித்தூரிலும் காட்டிப் பார்த்தால், எது இரு நிலத்துக்கும் பொதுவானது, எதற்குக் குரல்மாற்றம் மட்டும் போதும் என்பது விளங்கும்.

பாதுகாத்தலோடு பணி முடிவதில்லை என்பதை அண்மைக் காலமே காட்டியுள்ளது. கேரளப் பாடநூல்கள் 2024-25-இல் 1, 3, 5, 7, 9 ஆகிய வகுப்புகளுக்கும், 2025-26-இல் 2, 4, 6, 8, 10 ஆகிய வகுப்புகளுக்கும் புதியனவாக வந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் அரும்பாடுபட்டு ஆக்கிய காணொளிகளுள் பாட எண்ணையும் பக்க எண்ணையும் குரலிலேயே சொல்லிச் சென்றவை அதனால் பயன்குன்றின. கருத்தை மட்டும் பற்றி, மூன்று நான்கு நிமிடத் துண்டுகளாக அமைந்தவையும், மூலக் கோப்புகளோடு சேமிக்கப்பட்டவையும் புதிய நூலுக்கும் இசையும். மறுபயன்பாடு என்னும் கூற்றுக்கு இதனினும் தெளிவான உரைகல் கிடைப்பது அரிது.

இரண்டாமாண்டுப் பயிற்சி மாணவர் ஒருவருக்குப் புதிய பாடம் ஒன்றை ஆக்கச் சொல்வதற்கு மாறாக, முன்னவர் விட்டுச்சென்ற பாடம் ஒன்றையும் அதன் குறிப்புத்தாளையும் கையிற் கொடுத்து, இன்றைய நூலோடு ஒப்பிட்டு மதிப்பிடச் செய்து, ஐந்து குழந்தைகளிடம் மீண்டும் காட்டித் திருத்தச் சொல்லலாம். அவ்வொப்படைவுக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று பயிற்சி நிறுவனம் ஏற்பதற்கு, நடப்பு விதிகளில் ஒரு வரி சேர்த்தல் போதுமானது.